வண்டியை விட்டு இறங்காத மனுசன்

என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் மில்லர்புரத்து வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேருமாகத் தேரிக்காட்டுச் செம்மணலில் நடக்கணும், மலையில் போய் நிற்கணும். இந்த லீவு முடிகிற நேரத்தில்தான் மனுசன் ஒருவழியாகக் காரை எடுத்தார். அதுவும் எப்படி? கிளம்புகிற நேரம், சேருகிற நேரமெல்லாம் கப்பல் கணக்காகக் குறித்துவைத்துக்கொண்டு!

விடியக் கிளம்பினோம். திருச்செந்தூர் தாண்டியதும் தேரி. இரண்டு பக்கமும் செங்கல் பொடியைக் கொட்டினாற்போல மேடு மேடாக மணல், ஆளரவமில்லாத பாலை. "நிறுத்துங்க" என்றேன்.

"கண்ணாடி வழியா நல்லாத்தான தெரியுது?"

ஸ்ரீவைகுண்டத்து வயலும் அப்படியே போனது. செங்கோட்டை தாண்டி மலை ஏறினோம். சாரலில் கையை நீட்டினேன். "ஏளா, கைய உள்ள எடு." உச்சியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு, குறித்த நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டோம் என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் என்ன சரக்கா? ஏத்திக் கொண்டுபோயி, பத்திரமாக் கொண்டாந்து இறக்குதீக!"

வந்த வழியே திரும்பித் தேரியை நெருங்கியதும், "இப்ப நிறுத்தலன்னா கதவத் திறந்துருவேன்" என்றேன். நிறுத்தினார். செருப்பை வண்டியிலேயே போட்டுவிட்டு நடந்தேன். மணல் சுட்டது. சுடட்டும்! மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால், எஞ்சினைக்கூட அணைக்காமல், கதவைப் பிடித்தபடி தார்ரோட்டிலேயே நிற்கிறார்.

"வாங்களேன்! யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"எவ்வளவு நேரம் இறங்க விடுவ?" என்று கேட்டார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். முகத்தில் கிண்டல் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: சிங்கப்பூர் பார்த்தேன், பிரேசில் பார்த்தேன் என்று வந்து சொன்னதெல்லாம் இப்படிப் பார்த்ததுதான். கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரையில் இறங்க அனுமதி கிடைக்குமா என்று நின்று, கிடைக்காமலே கிளம்பிப் பழகியவர்.

கோபம் தணியவில்லை. அவர் மேல் இருந்தது அந்தக் கப்பல் கம்பெனிக்காரன் மேல் திரும்பியது. ஒரு மனுசனை இப்படியா ஆக்கி வீட்டுக்கு அனுப்புவான்? விறுவிறுவென்று இறங்கிப் போய், எஞ்சினை அணைத்துச் சாவியை இடுப்பில் சொருகினேன்.

"அவன் மறுபடி கூப்பிடுத வரைக்கும் விடுதேன். மொதல்ல அந்த ஷூவக் கழத்துங்க!"