மூன்று போத்தல் தேத்தண்ணீர்

யாராவது போத்தலில் தேத்தண்ணீர் தந்தால் நான் இப்போதும் குடிப்பதில்லை. கோப்பையில் தந்தால் குடிப்பேன். வீட்டில் உள்ளவர்களுக்குக் காரணம் தெரியும். அதைப் பற்றிப் பேசுவதில்லை.

புளியங்கூடலில் வேலைக்குப் போகிற எல்லோரும் போத்தலில்தான் தேத்தண்ணீர் கொண்டுபோவோம். பாலும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் சாயம். சீனி போட்டால் பின்னேரத்துக்குள் புளித்துப்போகும், எறும்பும் மொய்க்கும். சட்டைப் பையில் ஒரு பனங்கட்டித் துண்டு இருக்கும். அதைக் கடித்துக்கொண்டு குடிப்போம்.

ஊர்காவற்றுறையில் நான் எழுதுவினைஞராக இருந்த கந்தோரில் மத்தியானத்தில் ஒரு விளையாட்டு நடக்கும். எல்லோருடைய போத்தல்களிலிருந்தும் ஒவ்வொரு மூடியளவு ஊற்றித் தருவார்கள். கண்ணை மூடிக் குடித்துவிட்டு எது எவர் வீட்டுக் கிணறு என்று சொல்ல வேண்டும். பனங்கட்டி கடிக்கக் கூடாது. இனிப்பு பட்டால் தண்ணீரின் குணம் தெரியாது. எங்கள் தீவில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். மணல் பக்கத்துக் கிணற்றில் வைத்த தேத்தண்ணீர் சிவப்பாக இருக்கும், நாக்கில் தங்காது. கடற்கரைக் கிணறென்றால் சாயம் கறுத்து, விழுங்கிய பிறகு உப்புக் கரிக்கும். எங்கள் கிணற்றின் மேல் வேம்பு கவிந்து நின்றது. பழம் விழுகிற காலத்தில் தேத்தண்ணீரின் கடைசியில் மெல்லிய கைப்பொன்று வரும். வேறெந்தக் கிணற்றிலும் அதை நான் கண்டதில்லை.

"ஐசே, உம்மட நாக்கை வெட்டிக் கச்சேரிப் பெரிய கந்தோருக்கு அனுப்போணும்" என்பார் பக்கத்துக் கதிரைக்காரர்.

"அனுப்பினா, பிறகு இஞ்சை உம்மோடை ஆர் கதைக்கிறது?" என்பேன்.

அந்த நாக்கில் எனக்குப் பெருமை இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு தீவுக்குள் படையினர் இறங்கியபோது மகள் எங்களோடு இல்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு நாட்களுக்கு முன் இறுப்பிட்டியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். ஷெல் விழத் தொடங்கியதும் நானும் மனைவியும் ஊராரோடு வள்ளமேறி, அக்கரையில் அராலிப் பக்கமாக ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மறுநாள் சித்தி வந்து சேர்ந்தாள், மகள் இல்லாமல்.

"அம்மாவும் அப்பாவும் வீட்டிலை நிப்பினம், கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சைக்கிளை எடுத்தவள். மறிச்சனான் அத்தான், கேக்கேல்லை."

அதற்கடுத்த நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் வந்தார். புங்குடுதீவிலிருந்து துறைவரை நடந்து, வள்ளமேறி வந்தவர். வழியில் வீடுகளில் மிஞ்சி நின்றவர்கள், நடந்து போகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்களாம். அவருடைய பையில் அப்படி வாங்கிய மூன்று சாராயப் போத்தல்கள் இருந்தன.

"கண்ணாடி போட்ட பிள்ளை ஒண்டும் தந்தது அண்ணை. மெல்லிசு, நல்ல உயரம். புளியங்கூடலோ அங்காலையோ, எனக்கு இடம் பிடிபடேல்லை."

என் மகளும் உயரம். கண்ணாடி போடுகிறவள்.

"எந்தப் போத்தல்?"

"மூண்டும் ஒரே மாதிரித்தானே கிடக்கு."

மூன்றிலும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மனைவி அவற்றை வாங்கி என் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுப் பாருங்கோ. உங்களுக்குத் தெரியும்."

முதலாவது உப்புக் கரித்தது. இரண்டாவது மணல் கிணறு. மூன்றாவதை விழுங்கியபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தக் கைப்பு வந்தது. நிச்சயப்படுத்த இன்னொரு முறை குடித்தேன். போத்தல் முடிந்துவிட்டது.

"எங்கட கிணறு" என்றேன்.

மனைவி வெறும் போத்தலை வாங்கி மூடினாள். "அப்ப பிள்ளை வீட்டிலை நிக்கிறாள்."

"ஓம். தேத்தண்ணி வைக்கிறாள் எண்டால் ஒரு குறையும் இல்லை."

திரும்பித் தீவுக்குள் போக வழியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எங்கள் ஊர்ப் பக்கத்து வள்ளங்கள் வருகிற துறையில் போய் நின்றேன். மற்ற இடங்களிலும் தேடுவோம் என்று மனைவி கேட்டாள். "வீட்டிலை நிக்கிறவளை அங்கை போய் என்னண்டு தேடுறது?" என்றேன்.

ஐந்தாம் நாள் துறையில் என் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். சாரத்தோடு, செருப்பில்லாமல்.

"அண்ணை, கண்ணாடி போட்ட பிள்ளை ஒண்டைக் கண்டனீங்களோ? உயரம். புளியங்கூடல் பக்கம் ஒரு வீட்டிலை நிண்டு சனத்துக்குத் தேத்தண்ணி குடுத்ததாம்."

"அது என்ரை மகள்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படியோ" என்றுவிட்டு, வந்த வழியே நடந்து போனார்.

ஒன்பதாம் நாள் தெரிந்தவர் ஒருவர் ஓடிவந்து, எங்களுக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த ஒரு தேவாலய மண்டபத்தில் மகள் காய்ச்சலோடு கிடப்பதாகச் சொன்னார். அவள் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. பாதி வழியில் ஷெல் துண்டு காலில் பட்டு விழுந்தவளை யாரோ தூக்கி வள்ளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். விழுந்த இடத்திலேயே கண்ணாடி போய்விட்டது. காயம் சீழ் பிடித்திருந்தது.

"மற்றப் பிள்ளையளின்ரை அப்பாமார் எல்லாம் வந்தவை" என்றாள். "நீங்கள் ஏனப்பா வரேல்லை?"

மனைவிதான் போத்தல் கதையைச் சொன்னாள்.

"நான் ஒருத்தருக்கும் தேத்தண்ணி குடுக்கேல்லையே" என்றாள் மகள்.

அவளுக்குக் கால் காயம் ஆறிவிட்டது. படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடிப்பாள். அவள் இறங்கி முடியும்வரை நான் கீழ்ப்படியில் நிற்பேன்.

கிணற்றில் நான் பிழைவிடவில்லை. யாரோ ஒரு பிள்ளை எங்கள் குசினிக்குள் போயிருக்கிறாள். எங்கள் கிணற்றில் அள்ளி, எங்கள் அடுப்பை மூட்டி, அலுமாரியில் தேயிலைப் பேணியைத் தேடி எடுத்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். பிறகு அங்கிருந்து வெளிக்கிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

மகளைக் கண்ட மறுநாளே, என்னிடம் விசாரித்த அந்தத் தகப்பனைத் தேடித் துறைக்குப் போனேன். பிறகும் பல நாள் போனேன். அவருடைய பெயரையோ ஊரையோ நான் கேட்டு வைக்கவில்லை. பிள்ளை என் வீட்டில்தான் நின்றாள், வீடு இன்ன ஒழுங்கையில், கிணற்றடியில் வேம்பு நிற்கும் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது "அது என்ரை மகள்" என்ற மூன்றே வார்த்தை. அதைக் கேட்டுவிட்டு அவர் தேடுவதை நிறுத்தியிருப்பாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.