விரல் காட்டிக் கேட்ட ஏலம்

மீன்காரி முத்துமாரி, குப்பம்மாவுக்கு ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். மகளின் பிரசவத்துக்கு வாங்கியது. அதைத் தர முடியாது என்று நொச்சிக்குப்பம் கரையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள்.

"வியாபாரிங்ககிட்ட துட்டு வாங்கிக்கினு எங்க வாய அடைக்கிறவளுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?"

குப்பம்மா அந்தக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். பள்ளிக்கூடம் ரெண்டாம் வகுப்போடு சரி. தலைச்சுமையாக மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்று, யார் கையையும் எதிர்பார்க்காமல், படகுக்காரர்களே தேடி வந்து ஏலத்தை ஒப்படைக்கும் அளவுக்கு உயர்ந்தவள். அவள் தொண்டையைத் திறந்தால் அலைச் சத்தம் அடங்கும். அவளைப் போய் லஞ்சக்காரி என்றால்?

ஆனால் கூடைகள் ஆம்பிளை வியாபாரிகளுக்கே போய்க்கொண்டிருந்தன என்பது நிஜம். பெண்கள் விலையை ஏற்றிக் கேட்டார்களாம். எப்போது கேட்டார்கள் என்றுதான் குப்பம்மாவுக்குப் புரியவில்லை.

மகன் பாரத் அவளை அடையாறில் காது சோதிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனான். முதலில் கனத்த சத்தங்கள் கேட்டன. அப்புறம் ஒன்றுமில்லை.

"மிஷினு நின்னு பூட்ச்சும்மா" என்றாள் குப்பம்மா.

சோதித்த ஜாஸ்மின் அவள் முகத்துக்கு நேரே குனிந்து சிரித்தாள். "ஓடிக்கிட்டுதான் இருக்கு ஆயா. வயசானா மெல்லிசுக் குரல்தான் மொதல்ல போகும். பொம்பளைங்க குரல், கொழந்தைங்க குரல். வெளிய உட்காந்திருக்கவங்களப் பாருங்க, எல்லாம் உங்க கேஸுதான். சிட்டில வயசானவங்க நெறைய பேருக்கு இப்டித்தான். யாரும் வெளிய சொல்றதில்ல."

திரும்பும்போது பாரத் கெஞ்சினான். "யம்மா, நீயும் சொல்லாத. செவிடுன்னு தெரிஞ்சா ஏலத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"திருடின்னா மட்டும் வச்சிக்கினு கொஞ்சுவாங்களா? போடா."

மறுநாள் காலை, கூடைகளுக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கேளுங்கடி! எனக்குக் காது பூட்ச்சு. பொம்பள கொரலு உள்ள வர்றதில்ல. துட்டு வாங்கினேன்னு சொன்னவ வாயில மண்ணு! இன்னிலேர்ந்து எல்லாரும் கை தூக்கி விரல் காட்டணும். ஒரு விரல் ஆயிரம். ஆம்பளைக்கும் அதே சட்டம்."

வியாபாரி கனகராஜ் முறைத்தான். "இன்னாக்கா, இது இஸ்கூலா?"

"உனுக்குக் கட்டக் கொரலு, அதான் இம்மா நாளா ஜெயிச்சுக்கினு இருந்தே. தூக்குடா கைய!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். குப்பம்மா படகுக்காரர் பக்கிரியைப் பார்த்தாள். ஏலம் இனி யார் கையில் என்பது அவர் வாயில் இருந்தது.

"எனக்கு நல்ல வெல வந்தா சரி. காலத் தூக்கினாலும் சரி" என்றார் பக்கிரி.

வஞ்சிரக் கூடை வந்தது. கனகராஜ் மூன்று விரல் காட்டினான். பின்வரிசையிலிருந்து ஒரு கை நான்கு விரலோடு எழுந்தது. கனகராஜ் கையைக் கீழே போட்டான்.

"முத்துமாரிக்கு!" என்று கரை அதிரக் கூவினாள் குப்பம்மா.

மத்தியானம் மீனெல்லாம் விற்றுத் தீர்ந்ததும் முத்துமாரி வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முனகினாள்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுடி. வாயப் பாத்தாத்தான் எனக்குக் கேக்கும்."

முத்துமாரி நிமிர்ந்தாள். "தப்பாப் பேசிட்டேங்கா."

"ஊரே கேக்கப் பேசினே. இப்ப ஊரே பாக்கக் குடு."

குப்பம்மா நடுக்கரையில் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். முத்துமாரி சுருக்குப்பையை அவிழ்த்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதில் வைத்தாள்.