பிரெஞ்சு காரில் வந்த மணப்பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாத முகூர்த்த நாளில், கரியாலூரிலிருந்து மலையிறங்கும் சாலையில் நடந்தது இது.

நான் கள்ளக்குறிச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதுதான் முக்கியமான தொழில். முகூர்த்தங்கள் பெரும்பாலும் காலையில் இருக்கும். மேக்கப் பெட்டி, ஜடை, பூ, நகை செட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வேலைக்காகாது. அதனால் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, இன்னொருவர் ஓட்டிய பழைய கார் ஒன்றை வாங்கினேன். அது ஒரு பிரெஞ்சு கம்பெனியின் சின்ன கார்.

வாங்கியது முதல் ஆளுக்கு ஆள் துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் பேசினார்கள். "ஏங்க, வேற வண்டியே கெடைக்கலையா?" என்று டயருக்குக் காற்றடிப்பவர்கூடக் கேட்டார். பிரெஞ்சு வண்டி பார்க்க அழகாக இருக்கும், நடுரோட்டில் நிற்க வைத்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதைச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கம்பெனி வண்டியில் ஒருநாள்கூட ஏறியதில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் நேரடியாக எதுவும் சொல்லமாட்டார். நான் சாவியை எடுக்கும்போதெல்லாம், "போன்ல சார்ஜ் இருக்கா?" என்று கேட்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா!

பொய் சொல்லக்கூடாது, வண்டியில் குறை இல்லாமலும் இல்லை. பின்பக்கக் கண்ணாடி ஒன்று இறங்கினால் ஏறாது. அதற்கான பார்ட்ஸ் கேட்டால், இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். ஒருமுறை டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். "இந்தக் கம்பெனி வண்டில லைட்டு சும்மா சும்மா எரியுங்க. அத்தப் பார்த்துக்கினு இருந்தா வண்டியே ஓட்ட முடியாது. கண்டுக்காதீங்க" என்றார். ரெண்டு நாளில் அது தானாகவே அணைந்தும் போனது. அவர் சொன்னது சரிதான் என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்த முகூர்த்தத்துக்குப் பெண்ணின் வீடு கரியாலூரில், கல்யாணம் கீழே வடக்கனந்தலில், மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். பெண்ணை வீட்டிலேயே அலங்கரித்து அனுப்ப வேண்டும் என்று முதல் நாள் மாலையே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேலே ஏறும்போது வண்டி ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் ஏறியது. இவ்வளவு நல்ல வண்டியைப் போய் இப்படிப் பேசுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் அலங்காரம் முடியக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பெண்ணின் அப்பாவும் சொந்தக்காரர்களும் சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். பெண்ணையும் அவள் அம்மாவையும் நான் என் காரில் கூட்டி வருவதாகச் சொன்னேன். எப்படியும் கீழே இறங்கத்தானே போகிறேன்.

பெண் பின்னால் உட்கார்ந்தாள். புடவை கசங்கக்கூடாது என்று நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சிலை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா என் பக்கத்து சீட்டில். சாமை, தினை என்று கொல்லைக்காட்டில் உழைத்து உழைத்து இறுகிப்போன கைகள். மடியில் பழப்பையை வைத்துக்கொண்டு, காருக்குள் இருந்த ஒவ்வொன்றையும் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி எரிந்தது. நேர்ச்சாலை வந்ததும் அணைந்தது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அது, செவப்பா எரிஞ்சு எரிஞ்சு அணையுது?"

"அது ஒண்ணுமில்லம்மா. இது பிரெஞ்சு கம்பெனி வண்டி. லைட்டு சும்மா எரியும்."

"சும்மா எதுக்கும்மா எரியும்?"

நான் சிரித்தேன்.

அடுத்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. வண்டியின் வேகம் லேசாகக் குறைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மறுபடி மிதித்தேன். இந்த முறை தரைவரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டது. விளக்கு இப்போது அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் பாறை, அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். கியரைக் குறைத்தேன். இன்ஜின் உறுமியது, வேகம் கொஞ்சம் அடங்கியது. ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. முன்னால் ஒரு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"அக்கா, இன்னாக்கா?" என்றாள் பெண்.

"பிரேக் புடிக்கல. கெட்டியா புடிச்சுக்கோங்க."

அந்த அம்மா பழப்பையைக் கீழே போட்டுவிட்டு, உடம்பைத் திருப்பி ஒரு கையைப் பின்னால் நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "மலைப் பக்கமே ஒடிம்மா" என்றார். நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. கதவுகள் பாறையில் உரசிக்கொண்டே போயின. அந்தக் கிறீச்சொலி இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் ஒரு குலுக்கலோடு வண்டி நின்றது. பஸ் எங்களுக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றிருந்தது. என் ஹாரன் சத்தத்தைக் கேட்டு டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தார்.

யாருக்கும் அடியில்லை. பெண்ணின் நெற்றிச்சுட்டி வளைந்து, கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. ஸ்டியரிங்கை விட்டு என் கையை எடுக்கவே முடியவில்லை. அந்த அம்மாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டார்.

பஸ் டிரைவர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"பிரேக் ஆயில் பூரா ஒழுகிப்போயிருக்குதுங்க. லைட்டு எரியலையா?"

"எரிஞ்சுது" என்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி எட்டிப் பார்த்த ஒருவர், "பிரெஞ்சு வண்டியா? அதான்" என்றார்.

அப்போது அந்த அம்மா செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. டிரைவரிடமும் இறங்கி நின்றவர்களிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, "கீழ யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சாமி" என்று கெஞ்சினார். எல்லாரும் தலையாட்டினார்கள். பஸ் புறப்பட்டுப் போனதும் நான் கேட்டேன், எதற்கு இப்படிக் கும்பிடுகிறீர்கள், நாம் என்ன தப்புப் பண்ணினோம் என்று.

அவர் மகளைப் பார்த்துவிட்டு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"நிச்சயம் பண்ண மாசமே மாப்ள வூட்ல ஒரு சாவு வுழுந்துச்சும்மா. வயசான மனுசன், படுத்த படுக்கையா இருந்தவரு. அதுக்கே இவ ராசின்னு பேசினாங்க. கல்யாணம் நின்னு போயி, இப்பதான் மறுபடியும் கூடி வந்திருக்கு. தாலி ஏறதுக்கு முன்னாடி வண்டி கவுழப் பார்த்துச்சுன்னு தெரிஞ்சா, இவ மேல தாம்மா எழுதுவாங்க. காலத்துக்கும் அழியாது."

செத்துப் பிழைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் என் உயிரையும் என் காரையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ மகளுக்கு வரப்போகிற பெயரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று இறங்கி வந்தது. கைகாட்டி நிறுத்தினோம். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டார். பெண்ணையும் அம்மாவையும் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நான் மேக்கப் பெட்டியோடு மூட்டைகள் மேல் உட்கார்ந்தேன். நடுவில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. "வந்துக்கினே இருக்கோம்" என்று அந்த அம்மா நிதானமாகச் சொன்னதாகப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்து நிழலில் லாரியை நிறுத்தி, பெண்ணின் முகத்தைத் துடைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மை கோணலாகப் போனது. "மெதுவா போடுங்கக்கா, நேரம் இருக்குது" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். நெற்றிச்சுட்டியை லாரி டிரைவர் பல்லால் கடித்து நிமிர்த்திக் கொடுத்தார்.

கோயில் வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். மணப்பெண் கிழங்கு லாரியில் வந்து இறங்கினால் சும்மா இருப்பார்களா? "கார் இன்னா ஆச்சு?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா முகம் சுளித்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"எனக்குத்தாங்க கார் ஒத்துக்கல. ஒரே வாந்தி. எறக்கி வுடுன்னு நான்தான் கத்தி ரகளை பண்ணிட்டேன். காத்தாட லாரியில வந்தாதான் ஆச்சுன்னு அடம் புடிச்சேன்."

ஒரே சிரிப்பு. "மலைக்காரங்களுக்கு ஏசி காரு எங்க ஒத்துக்கும்!" என்றார் ஒருவர். "சம்பந்தியம்மாவை இனிமே மாட்டு வண்டியிலதான் கூப்புடணும்" என்றார் இன்னொருவர். பந்தியில் உட்காரும் வரைக்கும் அந்தக் கேலி ஓயவில்லை. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாந்தியும் வரவில்லை, மயக்கமும் வரவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் லாரி டிரைவருக்கும்தான் தெரியும். நேரம் தவறாமல் தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்டும்போது நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

கிளம்பும்போது அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எறங்கிட்டோமில்ல. வுடும்மா" என்றார். சாப்பிட்டேனா என்று கேட்டார்.

காரைச் சேலத்துக்கு இழுத்துப்போய், அந்தக் கம்பெனி வண்டிகளைப் பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஓஸ் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஆனால் அது அந்த வண்டியின் ஓஸே இல்லை. முன்பு வைத்திருந்தவர், சரியான பார்ட்ஸ் வரத் தாமதமானதால், வேறு கம்பெனி வண்டியின் ஓஸை வாங்கி மாட்டியிருக்கிறார். அது நீளம் அதிகம். வளைவில் திரும்பும்போதெல்லாம் டயரில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. ஆயில் குறைந்துகொண்டே வந்ததால், வண்டி சாயும்போது மட்டும் விளக்கு எரிந்து, நேரானதும் அணைந்திருக்கிறது. முன்பு எரிந்த மஞ்சள் விளக்குக்கும் காரணம் இருந்தது. ஒரு ஒயர் லூசாகிக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். ரொம்ப நாள் யோசித்தேன். பிரெஞ்சு கார்களுக்கு ஒரு குறையும் கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. பார்ட்ஸ் கிடைக்காததும், பக்கத்தில் பார்க்க ஆளில்லாததும் குறைதானே. அந்தக் கண்ணாடி இன்னும்கூடச் சில நாள் மக்கர் பண்ணுகிறது. ஆனால் பார்ட்ஸ் வராது என்று பெயரெடுத்த வண்டி என்பதால், காத்திருக்காமல் கிடைத்ததை மாட்டி ஓட்டினார் முன்பு வைத்திருந்தவர். வண்டி விளக்கெரித்துச் சொன்னதைக் கேட்க வேண்டாம் என்றார் தெருமுனை மெக்கானிக். நானும் கேட்கவில்லை. கடைசியில் பிரேக் போனபோது, அந்தப் பழியும் வண்டியின் பெயரில்தான் போய்ச் சேர்ந்தது. நான் விற்கவில்லை. சரியான ஓஸ் வரும்வரை காத்திருந்து மாட்டி, இன்றைக்கும் அதில்தான் முகூர்த்தங்களுக்குப் போகிறேன்.

போன வருடம் அந்தப் பெண் தன் குழந்தைக்குக் காது குத்த என்னை அழைத்திருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா என்னிடம், "எங்க மருமக கால வெச்ச நேரம், கெணத்துல தண்ணி வத்தவே இல்ல. ராசிக்காரி" என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். கொஞ்சம் தள்ளி, "சம்பந்தியம்மாவை வேன்ல ஏத்தாதீங்க, வாந்தி எடுப்பாங்க" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு அப்போதும் சேர்ந்துதான் சிரித்தார்.

மகள்மேல் விழ இருந்த ஒரு பெயரைத் தன்மேல் வாங்கிக்கொண்டு இத்தனை வருடமாகச் சிரித்தபடி சுமக்கிற அவர் முகத்தை நினைக்கும்போதெல்லாம், யாரைப் பற்றியோ எங்கோ கேட்டதை இன்னொருவரிடம் சொல்ல என் வாய் கூசுகிறது.