வீசும் கைக்கு ஓர் இறக்கை

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் மனிதர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருப்பவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பொம்மை விமானம் ஓட்டுவார். பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் சொல்கிறேன்.

மற்றபடி கோபமே வராத மனிதர். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவை உதைப்பவர்களிடம்கூட, வெளியே நின்றபடி, "பயப்படாதீங்க, உள்ள காத்து வரும், நான் இங்கதான் இருக்கேன்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். கதவு திறந்ததும் அவர்கள் இவரைத்தான் திட்டிவிட்டுப் போவார்கள். "பாவம், பயந்துட்டாங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய விமானங்களுக்குச் சக்கரம் கிடையாது. யாராவது கையால் எறிந்தால்தான் கிளம்பும். அந்த யாராவது, கல்யாணமான நாளிலிருந்து, என் அக்காதான். பழைய தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் பொட்டல் வெளியில் இவர் ரிமோட்டோடு நிற்பார். அக்கா விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து வீசுவாள். அது போனதும் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை மாமா பார்த்ததே இல்லை. ஏனென்றால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: விமானம் கையை விட்டுப் போனபின் ஓட்டுகிறவன் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒருமுறை கழுத்தில் குளவி கொட்டியும், விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கிவிட்டு அப்புறம்தான் "ஐயோ" என்றார்.

அக்கா ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறாள். மேல் தட்டிலிருந்து துணி உருளைகளை இழுத்து இழுத்து, வலது தோள் இறுகிப்போய்விட்டது. கை தோளுக்கு மேல் லேசில் வராது. வந்தாலும் நடுவில் சுளீரென்று ஒரு வலி வெட்டும். டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்தாள். சரியாகிவிட்டது என்று எங்களிடம் சொன்னாள். சரியாகவில்லை.

அது தெரியவந்த விதம்தான் பாவம். மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டி ஒட்டி மாமா தன் கையால் ஒரு விமானம் செய்திருந்தார். வெயிலில் பிடித்தால் உள்ளே எலும்பு தெரியும், அவ்வளவு நேர்த்தி. அதை முதல்முதலாகப் பறக்கவிட்ட அன்று, வீசுகிற நேரத்தில் அக்காவின் தோள் பிடித்துக்கொண்டது. விமானம் அவள் காலடியிலேயே மூக்கைக் குத்தி, தீக்குச்சி மாதிரி ஒடிந்தது.

"போனாப் போகுது, விடு. உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் மாமா.

அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. வேற கை பாத்துக்கோங்க."

அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மாமா வேறு கை பார்க்கவில்லை. நான் எறிகிறேன் என்று சொன்னதற்கு, "பாக்கலாம் மாப்ள" என்றார். நன்றாக இருக்கிற குழாய்களைக் கழற்றி மாட்டினார். அக்கா என்னிடம், "ஒரு மரத்துண்டுக்காக மனுஷன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு பாரேன்" என்றாள். இருவரும் ஒருவருக்கொருவர் டீயை நீட்டி, "எடுத்துக்கோங்க", "நீ குடிச்சியா" என்று தன்மையாகப் பேசிக்கொண்டார்கள். சண்டை போடுகிற வீட்டில் எனக்குக் கவலை இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் இத்தனை மரியாதையாக நடந்துகொண்டால்தான் கவலை.

இப்படி இருக்கும்போதுதான், விமானம் வாங்கக் கடைக்கு வருகிறாயா என்று மாமா கேட்டார். ஸ்கூட்டர் என்னுடையது. அதனால் மரியாதை.

மாடிக் கடை. கூரையெல்லாம் விமானங்கள் தொங்கின. குனிந்துதான் நடக்க வேண்டும். மாமா கேட்டது வாலும் இல்லாத, உடம்பும் இல்லாத ஒரு வகை. வெறும் இறக்கைதான். நடுவில் பேட்டரி, பின்பக்கம் மோட்டார். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது வெள்ளை வெளேரென்று அகலமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மாமா அதில் நகத்தை அழுத்தினார். தெர்மாகோல். குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது.

"சார், அழுத்தாதீங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்தது ஒல்லியாக, சிவப்பும் வெள்ளியுமாக, நிற்கும்போதே பறப்பது போல இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. "இது செம வேகம் சார். ஆனா வீசும்போது நல்லா வேகமா வீசணும். மெதுவா விட்டா விழுந்துடும்" என்றார் கடைக்காரர். மாமா உடனே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு தானே ஒரு மூலையிலிருந்து ஒன்றை உருவினார். சாம்பல் நிறம். தடித்த மூக்கு. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. "அது பாக்க சுமாரா இருக்கும் சார். புதுசா கத்துக்கிறவங்க வாங்கிட்டுப் போவாங்க" என்று கடைக்காரரே கையை விரித்தார். மாமா நகத்தை அழுத்தினார். குழி விழுந்து, மெல்ல மெல்ல எழுந்து, காணாமல் போனது. ஓரத்தைப் பிடித்து மடக்கினார். வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. இது வேறு வகை ஃபோம். ரப்பர் கலந்த மாதிரி. உள்ளே கார்பன் கம்பியும் ஓடுகிறது.

"கீழ போட்டுப் பாக்கலாமா?"

"சார்?"

ஸ்டூலில் ஏறி, மூக்கு கீழே இருக்கும்படி போட்டார். அது தரையில் முட்டி, துள்ளி, என் காலில் வந்து விழுந்தது. மோட்டார் பின்னால் இருப்பதால் முட்டுகிற இடத்தில் ஃபோமைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதோடு விட்டாரா? இடது கையால் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவில் வட்டமாகச் சுற்றி வீசுகிற மாதிரி பாவனை செய்தார். மேலே தொங்கிய இரண்டு விமானங்கள் ஆட, கடைக்காரர் முகம் வெளுத்தது. எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு வேகம் போகும்னு கேக்கவே இல்லியே சார்?" என்றார் கடைக்காரர்.

"மெதுவா போகும் இல்ல? அது போதும்."

வெளியே வந்து பெட்டியை ஸ்கூட்டரில் கட்டும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் மாமா, இத்தனை வருஷமா ஓட்டறீங்க. கத்துக்கிறவங்க வாங்கற சாமானைப் போயி வாங்கிட்டு வர்றீங்களே. இதுல இடது கையால டான்ஸ் வேற."

கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார். "உங்க அக்காவுக்கு வலது கை தூக்க வராது. இடது கைல நுனியைப் பிடிச்சு, இடுப்புலேர்ந்து சுத்தி விட்டா இது போயிடும். வேகமும் வேணாம், பலமும் வேணாம். ஆனா முதல்ல நாலஞ்சு தரம் தரையிலதான் போகும். அப்ப இது உடையக் கூடாது மாப்ள. ஒரு கீறல் விழுந்தாலும் அவ மறுபடி கையில எடுக்க மாட்டா."

கயிற்றின் மறுமுனையை நானே வாங்கிக் கட்டினேன். அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல அது.

"இதை அக்காகிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா, 'எனக்காக ஒண்ணும் வேணாம், உங்களுக்குப் பிடிச்சதை வாங்கிக்கோங்க'ன்னு திருப்பிக் குடுக்கச் சொல்லுவா. நீ வாயத் திறக்காத."

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து இறக்கையின் பாகங்களைப் பொருத்தினார். அக்கா பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். கடைசியில் நின்றாள்.

"என்ன கலர் இது? கழுவாத வாணலி மாதிரி. இது மேல போனா எது முதுகு, எது வயிறுன்னு எப்படித் தெரியும்?"

"அதான் யோசிக்கிறேன். பூ மாதிரி ஏதாவது ஒட்டலாமா?"

"பூவா? ஜன்னலை விட்டு நாலடி தள்ளி நின்னா பூ தெரியாது. பட்டைக்கோடுதான் தெரியும்." உள்ளே போய், கடையில் மிச்சமான மஞ்சள் நாடாவையும் சிவப்பு நாடாவையும் எடுத்துவந்து மேசையில் போட்டாள். "மேல மஞ்சள், அகலமா. கீழ சிவப்புக் கோடு." மாமா ஒட்டினார். அவள் கோணல் என்றாள். பிரித்து மறுபடி ஒட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மரியாதை இல்லாத பேச்சு கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்று மாமா நாடாவைப் பார்த்தபடியே கேட்டார்.

"வேடிக்கை பாக்க வரேன். எறிய மாட்டேன்."

அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை, பொட்டலில் லேசான காற்று. வேறு வழியில்லாமல் மாமா என்னை எறியச் சொன்னார். வலது கையில் ஒரு நுனியைப் பிடித்துச் சுற்றி விட்டேன். அது நேராகத் தரைக்குப் போய்த் துள்ளியது. மறுபடியும் விட்டேன். மறுபடியும் தரை. அக்காவை உசுப்பேற்றத்தான் அப்படி எறிந்தேன் என்று பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு எறிய வரவில்லை.

மூன்றாவது தடவை அக்காவால் தாங்க முடியவில்லை. "என்னடா இது, குப்பையா கொட்டற? இங்க குடு!"

வாங்கிவிட்டாள். வலது கை தானாக மேலே போகப் பார்த்து, பாதியில் நின்றது. இடது கைக்கு மாற்றினாள். மறு நுனியைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த ஒரு நுனியில் மட்டும் டேப் கனமாகச் சுற்றியிருந்தது, விரல் வழுக்காமல் இருக்க, அவள் கைக்கு அளவெடுத்த மாதிரி. நான் பிடித்த நுனியில் அப்படி எதுவும் இல்லை. அவள் அந்த டேப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா ரிமோட்டில் ஏதோ பழுது இருப்பது போல அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஒன்றும் கேட்காமல் வீசினாள். தரைக்குப் போனது. மாமா ஓடிப்போய் எடுத்துவந்து அவள் முன்னால் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். "பாரு. ஒண்ணுமே ஆகல. ஒரு கீறல்கூட இல்ல."

"இன்னொரு தரம்" என்றாள்.

இந்த முறை இடுப்பைத் திருப்பி, கையை வட்டமாக வீசி, "போ!" என்று கத்திக்கொண்டே விட்டாள். மோட்டார் பிடித்துக்கொண்டது. மஞ்சள் முதுகு சாய்ந்து, நிமிர்ந்து, காற்றில் ஏறியது. அக்கா நீட்டிய கையை மடக்காமலே, பழையபடி, திரும்பிச் சிரித்தாள்.

நான் கை தட்டினேன். தட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் கவனித்தேன், இறக்கை திரும்பவே இல்லை. ஒரே நேர்கோட்டில் தொழிற்சாலைச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மாமாவைப் பார்த்தேன். ரிமோட் கையில்தான் இருந்தது. கண் வானத்தில் இல்லை. குளவி கொட்டியும் கண்ணை எடுக்காத மனிதர், வாயெல்லாம் பல்லாக அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா! மேல பாருங்க!"

பொத்தென்று சுவரில் மோதி விழுந்தது.

அக்காதான் நடந்துபோய் எடுத்துவந்தாள். மூக்கு அமுங்கியிருந்தது. அவள் விரலுக்குக் கீழேயே மெல்ல எழும்பி வந்தது.

"என்னத்தப் பாத்துட்டு இருந்தீங்க?"

மாமா அசடு வழிந்தார். "உன்னத்தான்."

அக்கா இறக்கையின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"உடையாத சாமானா பாத்து எனக்காக வாங்கியிருக்கீங்கன்னு நெனச்சேன். உங்களுக்காகத்தான் போலிருக்கு. ரிமோட்டைப் பிடிங்க. இந்தத் தரமாவது மேல பாருங்க."

டேப் சுற்றிய நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு மறுபடி தயாராக நின்றாள். மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்தத் தடவை அவர் மேலே பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.