வரிசையின் கடைசி ஆள்

தென்காசிப் பள்ளிச் சிறுமிகளைக் குற்றாலத்து மலைக்கு அழைத்துப் போய்க் காட்டில் நடக்கப் பழக்கும் அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பார். சிறுமிகளில் ஒருத்தி முன்னால் வழி நடத்துவாள். அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். வனத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவன், விதிமுறை தெரிந்தவன் என்று என்னையும் ஒருநாள் அழைத்தார். வழிகாட்டி முன்னால் நடக்க வேண்டும் என்பது விதிமுறை. சொன்னேன். சிரித்துக்கொண்டார்.

அன்று முன்னால் நடந்தவள் ஆய்க்குடிச் சிறுமி. பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பினாள். அது பாறையில் போய் முட்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"சார், பேசாம வாங்க," என்றார் அவர்.

பாறை வந்தது. சாரலும் வலுத்தது.

"ஏட்டி, எங்கன கூட்டிட்டுப் போற? கேரளாவுக்கா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் நின்ற சிறுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நீங்களே முன்னால போங்க. எனக்கு இந்த வேலையே வேண்டாம்."

"தப்பா வந்தா திரும்பிப் போவோம். ஆனா கூட்டிட்டுப் போறது நீதான்."

ஒற்றையடிப் பாதை. நின்ற இடத்திலேயே திரும்பினால் கடைசியில் இருந்த நாங்கள் இருவரும் முதலில் நடக்கலாம். வேலை எளிதாக முடியும். அவரோ முள்செடிக்குள் இறங்கி வழி விட்டார். அதைப் பார்த்து, சிரித்தவர்களும் ஒவ்வொருத்தியாக ஒதுங்கினார்கள். சிறுமி மூக்கை உறிஞ்சியபடி அத்தனை பேரையும் கடந்து வந்தாள்.

"தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் என்னிடம்.

மேலதிகாரிகளின் ஜீப்புக்குக்கூட நான் அவ்வளவு தூரம் ஒதுங்கியதில்லை.