உரிய வழியாக அனுப்புக

ஓய்வு பெற்ற மறு வருடம், கல்வி நிர்வாகத்தில் முதுகலைப் படிப்புக்கு ஆன்லைனில் சேர்ந்தேன். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். என்னிடம் வேலை கற்று எனக்கே மேலதிகாரியானவர்கள் எல்லாரிடமும் அந்தப் பட்டம் இருந்தது.

"பென்ஷனுக்கு மேல புரமோஷனா? யாருங்க தரப்போறாங்க?" என்றாள் மனைவி.

படிப்பு சுலபம். பாடங்களில் இருந்த பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். யாரும் நன்றி சொல்லவில்லை. இறுதி ஆய்வறிக்கைதான் சிக்கல். நாமே எடுத்த நிர்வாக முடிவு ஒன்றை எழுத வேண்டும். எந்த விதியின்படி எடுத்தோம் என்று அடிக்குறிப்பும் தர வேண்டும்.

எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அதிராம்பட்டினம் பக்கம் ஓராசிரியர் பள்ளி. அதன் ஆசிரியை தஞ்சாவூருக்கு மாறுதல் கேட்டிருந்தார். கணவருக்கு வாரம் மூன்று நாள் அங்கே டயாலிசிஸ். தலைமை ஆசிரியரின் பரிந்துரை இல்லை என்று மனுவைத் திருப்பினேன். 'உரிய வழியாக அனுப்புக.'

நேரில் வந்தார். "சார், அந்த ஸ்கூல்ல நான் ஒருத்திதான். ஹெச்.எம். பொறுப்பும் நான்தான்."

"அப்ப டீச்சர் கேட்டதை ஹெச்.எம். பரிசீலிச்சு, பரிந்துரை பண்ணி அனுப்பச் சொல்லுங்கம்மா."

அலுவலகத்தில் எங்கள் பிரிவே சிரித்தது. அவரும் சிரித்தார், காரியம் ஆக வேண்டியவர்கள் சிரிப்பார்கள். தன்னைத் தானே பரிந்துரைத்து, பள்ளி முத்திரை குத்தி அவர் அனுப்பிய கடிதம் வந்தபோது காலியிடம் நிரம்பிவிட்டது. அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்கு முன்பே, அவர் வகுப்பில் இருந்த ஒரு முற்பகலில், கணவர் போய்விட்டார்.

ஆன்லைன் வகுப்பில் திரையின் ஓரச் சதுரங்களில் எந்தப் பெண் சிரித்தாலும் அவரோ என்று பார்ப்பேன்.

விதி எண்ணைத் தூக்கத்திலும் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். நான்கு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. பழைய பிரிவுக்கு ஃபோன் செய்தேன்.

"விதியா? அப்படி எதுவும் இல்லீங்க சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். இன்னைக்கும் அப்படித்தான் திருப்பி அனுப்புறோம்."

"இனிமே வேண்டாம்ப்பா, நிறுத்திடுங்க."

"எழுத்துல குடுத்தீங்கன்னா பார்க்கலாம் சார்." என்னிடம் வேலை கற்றவர்.

எழுதி அனுப்பினேன். அடிக்குறிப்பிலும் எழுதினேன்: 'விதி ஏதுமில்லை. வழக்கத்தைத் தொடங்கியவர் இந்த ஆய்வாளர்.'

வாய்மொழித் தேர்வில், என் மகள் வயதுள்ள பேராசிரியை கேட்டார்: "நல்லா எழுதியிருக்கீங்க சார். அந்த டீச்சர்கிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?"

"அதுக்கு வழிமுறை ஏதும் இல்லீங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. முதல் வகுப்பில் தேறினேன்.

ஆசிரியை இப்போது பாபநாசத்தில் இருக்கிறார். தெருவையும் விசாரித்து வைத்திருக்கிறேன். போன வாரம் பஸ் ஏறினேன். பாபநாசத்தில் பாதி பஸ் இறங்கியது. வண்டி கிளம்பும் வரை கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"பாபநாசம்தானே கேட்டீங்க, இறங்கலையா சார்?" என்றார் கண்டக்டர்.

"கும்பகோணம் ஒண்ணு குடுங்க" என்றேன்.