ராணி தின்ற நடுத்துண்டு

தனக்கொடிக்குப் பொறாமைக் குணம் கிடையாது என்றுதான் முத்தியால்பேட்டையில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நாத்தனார் மாடி வீடு கட்டிக் குடிபோனபோது, முதல் ஆளாகப் போய் நின்று அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கொடுத்தவள். துணிக் கம்பெனியில் தனக்குப் பின்னால் சேர்ந்த செந்தமிழ்ச்செல்வியைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அப்போதும் முகம் கோணாமல் தன் மேசையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். அப்பேர்ப்பட்டவள் நாற்பத்தைந்து வயதில், போயும் போயும் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்து வயிறெரிந்தாள். அதுவும் இரண்டு மாதம்கூட நிரம்பாத, நடந்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போகிற குட்டி.

அதைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் அன்பழகன். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். கம்பெனி வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. ஆண் குட்டி நாலையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். பெட்டைக்குட்டி ஒன்று மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய அன்பழகன், டிபன் கேரியரைக் கையில் தனியாகப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பைக்குள் குட்டியை வைத்து வீட்டுக்கு வந்தான்.

"இந்தா, இத பாரேன்" என்று பையைத் திறந்து காட்டினான். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் கவிநிலா ஓடி வந்து குட்டியை வாரிக்கொண்டாள். தனக்கொடி பார்த்தது பையைத்தான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மாதிரிப் பைகள் எத்தனையோ கிழிந்து எத்தனையோ மாற்றியாகிவிட்டது. எதிலும் அவளுக்கென்று ஒரு முழம் பூ தானாக வந்ததில்லை. சொல்லி அனுப்பினால் வாங்கி வருவான். சொல்லாவிட்டால் கிடையாது. குட்டியைக் கொண்டுவரும்படி அவனுக்கு யார் சொன்னார்கள்?

அன்பழகன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சுதான் கிடையாது. பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே 'இந்தா'தான். அந்த வாயிலிருந்து அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்குள் குட்டிக்கு ஒரு பேர் வந்தது. ராணி என்று வைத்தான். மகளுக்குப் பேர் வைக்கும்போதுகூட, நீங்களே ஏதாவது வையுங்கள் என்று ஒதுங்கி நின்ற ஆள்.

மறுவாரம் கூத்து இன்னும் பெரிசாகிவிட்டது. அடுப்பை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியாதவன் பாலைக் காய்ச்சி, விரலை விட்டுச் சூடு பார்த்து, கிண்ணத்தில் ஊற்றினான். வேலை நேரத்தில் அவளுக்குப் போன் பண்ணாதவன், பஸ் கெட்டுப்போனால் மட்டும் பண்ணுகிறவன், மத்தியானம் ஒரு மணிக்கு டாணென்று பண்ண ஆரம்பித்தான். முதல் நாள் போன் அடித்ததும் தனக்கொடிக்குப் பகீர் என்றது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி எடுத்தாள். காலையில் கிளம்பும்போது ராணி பாலைக் குடித்துவிட்டதா என்று கேட்டான். குடித்தது என்றாள். சரி என்று வைத்துவிட்டான். நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை, சும்மா பேச்சுக்காவது, கேட்டிருக்கலாம். யார் போனில் என்று செந்தமிழ்ச்செல்வி கேட்டபோது, ராங் நம்பர் என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு மீன் துண்டால்.

அந்தத் துண்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். தனக்கொடி மில் தொழிலாளியின் மகள். மில் மூடிக்கிடந்த காலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் மாமியார், கொழுந்தன், இரண்டு நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை கொடுவா மீன் குழம்பு வைத்தால் மாமியார் கரண்டியைக் கீழே வைக்க மாட்டாள். ஆம்பிளைகளுக்கு, பிறகு தன் பெண்களுக்கு என்று துண்டுகள் போகும். கடைசியாக உட்காரும் மருமகளுக்குக் குழம்பும் மாங்காயும் மிஞ்சும். வழக்கப்படி அவள் புருஷன் சாப்பிட்ட தட்டிலேயே சோறு போட்டுச் சாப்பிடுவாள். கல்யாணமான மூன்றாவது ஞாயிறு தட்டை எடுத்தபோது, ஓரத்தில் ஒரு நடுத்துண்டு விரல்கூடப் படாமல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அன்பழகன் உள்ரூமுக்குப் போய்விட்டிருந்தான்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. மாமியார் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. நாத்தனார்கள் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், கொழுந்தன் தனிக்குடித்தனம். சட்டியும் கரண்டியும் தனக்கொடி கைக்கு வந்தாகிவிட்டது. வேண்டுமென்றால் நாலு துண்டு போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ள மாட்டாள். தட்டு ஓரத்துத் துண்டுக்காகக் காத்திருப்பாள். அவன் வாயைத் திறந்து சொல்லாததையெல்லாம் அந்தத் துண்டு சொல்கிறது என்பது அவள் கணக்கு. அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினாள். யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடமும்தான்.

ராணி வந்த முதல் ஞாயிறு, அன்பழகன் சாப்பிட உட்கார்ந்தான். குட்டி அவன் முழங்காலில் மோவாயை வைத்து அண்ணாந்து பார்த்தது. அவன் நடுத்துண்டை எடுத்தான். முள்ளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துப் பிடுங்கினான். கவிநிலா குழந்தையாக இருந்தபோதுகூட அவன் முள் எடுத்துக் கொடுத்ததில்லை. சதையை உருட்டி உருட்டிக் குட்டியின் வாயில் வைத்தான். தட்டு அவளிடம் வந்தபோது முள் மட்டும் இருந்தது.

ஏதோ ஒரு நாள் என்று விட்டாள். இரண்டாவது ஞாயிறும் அப்படியே நடந்தது. தனக்கொடி வெறும் குழம்பைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கவிநிலா, "ஏம்மா, சட்டியில அத்தன துண்டு கெடக்குது, போட்டுக்கினு தின்னேன்" என்றாள். எனக்கு மீன் பிடிக்கவில்லை என்றாள் தனக்கொடி. பொய். காலடியில் தூங்கிய குட்டியை எட்டி உதைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

வைத்திக்குப்பத்தில் அவள் வழக்கமாக மீன் வாங்குவது குஞ்சம்மாளிடம். கருவாடு காயப்போட்டால் பூனைகள் தூக்கிப் போகின்றன, ஒரு நாய்க்குட்டி கிடைத்தால் தேவலை என்று குஞ்சம்மாள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை தனக்கொடிக்கு அரை நாள்தான் வேலை. அன்பழகனுக்கு முழு நாள். மகள் சினேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். குட்டியை அதே சாப்பாட்டுப் பையில் போட்டு, கடற்கரைக்கு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியில் மனசு லேசாகத்தான் இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அன்பழகன் வந்ததும் கேட்டான். கேட் திறந்திருந்தது, எங்கோ ஓடிவிட்டது போலிருக்கிறது என்றாள். அவன் சட்டையைக்கூட மாற்றவில்லை. எதிர்வீட்டுக்காரனோடு பத்து வருஷமாகப் பேசாதவன் வீடு வீடாகக் கதவைத் தட்டினான். டீக்கடையில் விசாரித்தான். சோலை நகர் வரைக்கும் போய்த் தேடினான். வாசலில் நின்ற தனக்கொடிக்குப் பழசெல்லாம் பொங்கியது. கல்யாணமான இரண்டாம் வருஷம் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள். கூப்பிட வந்தவன் கொழுந்தன். இவன் தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. குஞ்சம்மாள் கூடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் வேறொருத்தியிடம் கொடுவா வாங்கி வந்து, பார்த்துப் பார்த்துக் குழம்பு வைத்தாள். அன்பழகன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். எழுந்தான். தட்டு ஓரத்தில் நடுத்துண்டு, முழுசாக, விரல்கூடப் படாமல் இருந்தது. தனக்கொடிக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. தட்டை இழுத்துச் சோற்றைப் போட்டு உட்கார்ந்தாள்.

கை கழுவிக்கொண்டே அவன் சொன்னான். "அத எடுத்துக்காத. ராணி வந்தா குடுக்கணும்."

அவள் பிசைந்த கையை உதறினாள். "அது வராது. நான்தான் குஞ்சம்மாகிட்ட குடுத்துட்டேன்."

அன்பழகன் திரும்பினான். கவிநிலா வாயில் வைத்த சோற்றோடு அப்படியே இருந்தாள்.

"இது என் துண்டு" என்றாள் தனக்கொடி. "இருவத்தி மூணு வருஷமா என் துண்டு. நாயிக்கு எப்பிடி குடுப்பீங்க?" சொல்லிவிட்டு மகளுக்கு எதிரிலேயே அழுதாள்.

அவன் ஈரக் கையோடு எதிரில் வந்து உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று பார்த்தால், முழிக்கத்தான் முழித்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மாதான் வெக்க சொல்லுச்சி. பொண்ணுங்க எதிர்ல மருமவளுக்கு அள்ளி வெச்சா வீட்ல சண்ட வரும், நீ தட்டுல ஒண்ணு வுட்டுட்டு எழுந்திருன்னு. அம்மா போனப்பறம் பழக்கத்துல வெச்சிக்கினு வந்தேன். இப்பதான் சட்டி உன் கையில கீதே, நீ போட்டுக்குவன்னு நெனச்சேன்."

தனக்கொடிக்கு அழுகை நின்றுவிட்டது. எந்தக் கரண்டிக்காரியை இத்தனை வருஷம் மனசுக்குள் வைது தீர்த்தாளோ, அவள் போட்ட துண்டா இது? புருஷன் ஆசையாக வைக்கிறான் என்று நினைத்து ஞாயிறுதோறும் முள்ளை உறிஞ்சித் துப்பியிருக்கிறாள். இனி நாயோடு சண்டை போட அவளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

"அப்ப எனக்கு வெக்கணும்னு உங்களுக்கா தோணலியா?" என்று கேட்டாள்.

"ராணி மூஞ்சிய பாத்துக்கினே கேக்குது, குடுக்கறேன்" என்றான் அவன். "நீ ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லியே."

சாயங்காலம் இரண்டு பேரும் வண்டியில் வைத்திக்குப்பம் போனார்கள். கொடுத்தவளே திருப்பிக் கேட்கிறாளே என்று குஞ்சம்மாள் முணுமுணுத்தாலும் குட்டியை அவிழ்த்துவிட்டாள். அது தனக்கொடியைத் தாண்டி ஓடி, அன்பழகனின் காலில் புரண்டு வாலை ஆட்டியது. அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கு மறுபடியும் எரிந்தது. குட்டி மேல் பாசமெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை.

அடுத்த ஞாயிறு தனக்கொடி மூன்று தட்டு வைத்தாள். புருஷனுக்கு எதிரில், அவன் சாப்பிடும்போதே தானும் உட்கார்ந்தாள். கவிநிலா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ராணி வழக்கம்போல் அவன் முழங்காலில் மோவாயை வைத்து அண்ணாந்தது. அவன் கை நடுத்துண்டுக்குப் போனது. குட்டியைப் பார்த்தான், பொண்டாட்டியைப் பார்த்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தனக்கொடி தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு வைங்க" என்றாள்.

அவன் முள்ளைத் தடவிப் பார்த்து எடுக்கத் தொடங்கினான். வேண்டாம், அப்படியே வையுங்கள் என்றாள். வைத்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அந்தத் துண்டைத் தோலோடு சேர்த்துச் சாப்பிட்டாள். முள்ளைக்கூட ராணிக்குப் போடவில்லை.